சுண்ணக்கட்டியில் ஈரம்

எஃகு நாடாவின் நுனியில் இருபது அடிக்கு
நீலச் சுண்ணக்கட்டி தேய்த்துக் கிணற்றுக்குள் விடுவேன்.
தண்ணீர் தொட்டவரை கருநீலமாய் மாறியிருக்கும்.
அந்தக் கோட்டைப் படிப்பதுதான் என் உத்தியோகம்.
பதினேழு வருஷமாய், அரிசோனாவின் இந்த மூலையில்,
ஆழ்துளைக் கிணறுகளை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறேன்.

டெல்மர் ஹன்சேக்கரின் மூன்றாம் எண் கிணறு:
போன ஜனவரியில் நானூற்று ஐந்து அடி.
இந்த ஜனவரியில் நானூற்றுப் பன்னிரண்டு.
ஏழடி என்பது
ஒரு ஆளை நின்றபடியே புதைக்கிற ஆழம்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

நகர மன்றத்தில் வெண்டல் பிரீஸ் படம் போட்டுக் காட்டினார்:
ஓர் ஏக்கர் குதிரைமசால் குடிப்பதில்
பாதி போதும் ஓர் ஏக்கர் வீடுகளுக்கு.
பொய்யில்லை. நான் கொடுத்த கணக்குதான்.
நூறு ஆண்டுக்குத் தண்ணீர் உண்டு என்று முத்திரை விழுந்தால்
தெரு போடலாம்.
நூற்றியோராம் ஆண்டைப் பற்றி யாரும் கை தூக்கவில்லை.
மூன்றாம் வரிசையில் ஒரு கைக்குழந்தை அழுதது.
அதன் அம்மா வெளியே தூக்கிக்கொண்டு போனாள்.

டெல்மர் எழுந்தார். தொப்பியைக் கழற்றவில்லை.
"என் வயல் அதிகம் குடிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.
கால்வாயை அடைத்த வருஷம்
இருநூறு ஏக்கரைத் தரிசு போட்டேன்.
டிராக்டரை விற்றேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன்.
மண் கோபித்துக்கொள்ளவில்லை,
அடுத்த வருஷம் முளைத்தது.
ஒரு தெருவைத் தரிசு போட முடியுமா உங்களால்?
இந்த வருஷம் நீங்கள் குளிக்க வேண்டாம் என்று
யார் போய்க் கதவைத் தட்டுவது?"

கை தட்டினார்கள்.
அடுத்த வாரம் அவரே விற்றுக் கையெழுத்துப் போட்டார்.
இரண்டு முழங்காலும் உலோகம்.
மகன் டல்லாஸில் பல் டாக்டர்.
குறை சொல்கிறவர்கள் அவருடைய கடன் பத்திரத்தை
ஒரு தடவை உரக்கப் படிக்கட்டும்.

வரைபடம் எனக்கும் வந்தது.
மூன்றாம் எண் கிணறு இருக்கும் இடத்தில்
பீச்சுக்குழாய் வைத்த ஒரு குளம்.
அதற்கு வடக்கே நூற்றுப் பதினாலாம் மனை.
முன்பணம் கட்டியிருப்பவள் மரிசோல்,
என் மகள்.

ஆறு வருஷத்தில் ஐந்து வாடகை வீடு.
மருத்துவமனையில் இரவு வேலை,
ஒரே அறையில் இரட்டைப் பிள்ளைகள்.
"அம்மா, துணி துவைக்கத் தனி அறை!" என்றாள் போனில்.
அந்தக் குரலுக்கு முன்னால்
நானூற்றுப் பன்னிரண்டை எப்படி எடுத்து வைப்பேன்?
"ஜன்னல் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

நேற்றுக் கடைசி அளவு.
அறுத்த குதிரைமசால் இன்னும் பச்சையாய் மணத்தது.
நான் நாடாவைச் சுற்றி மேலே இழுக்கும்வரை
டெல்மர் வண்டியில் சாய்ந்து நின்றார்.
"ரமோனா, இன்னும் இருக்கிறதா?"
தண்ணீரைக் கேட்டாரா, வேலையைக் கேட்டாரா தெரியவில்லை.
"இருக்கிறது" என்றேன், இரண்டுக்கும்.

படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று மூன்று கோடு உண்டு.
பதினேழு வருஷத்தில் நான் அங்கே எழுதியது
'பாம்பு உண்டு, கவனம்' என்பது மட்டும்.
நேற்று எழுதினேன்:
குளம் வேண்டாம்.
கிணற்றை மூடாதீர்கள். வருஷம் ஒரு தடவை
அளந்து, அந்த எண்ணைத் தெருமுனையில் எழுதி வையுங்கள்,
குடியிருப்பவர்கள் கண்ணில் படும்படி.
கிழக்கே எண்பது ஏக்கர் வயலாகவே இருக்கட்டும்.
வறட்சி வந்தால் தரிசு போட
ஊருக்கு ஏதாவது மிச்சம் வேண்டும்.

மூன்று கோடு போதவில்லை. தாளைத் திருப்பி எழுதினேன்.
பின்பக்கத்தை யாராவது படிப்பார்களா தெரியாது.
முனையெல்லாம்
நீல விரல்ரேகை.